உப்பளத்துக்கு எத்தனை பருவம்?

ஜூன் மாதத் தொடக்கத்தில் திருவனந்தபுரத்தில் குடைகள் விரிகின்றன. மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் குற்றாலத்தில் சாரல். அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று மதுரைக்காரர்களும் விருதுநகர்க்காரர்களும் போன் போட்டு விசாரிக்கிறார்கள். பருவமழை வந்துவிட்டது என்று தொலைக்காட்சிகள் சொல்லிக்கொண்டிருக்கும் அதே நாள்களில், குற்றாலத்துக்குக் கிழக்கே நூறு கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் தூத்துக்குடி உப்பளங்களில் மழை வாசமே கிடையாது. ஆளைத் தள்ளும் மேல்காற்றுதான் உண்டு. வேட்டியை மடித்துக் கட்டாமல் வரப்பில் நடக்க முடியாது. அளக்காரர்கள் ஆண்டு முழுக்கக் காத்திருப்பது இந்தக் காற்றுக்காகத்தான்.

"நீங்க மழைக்காலம்னு சொல்லுத மாசத்துலதான் எங்களுக்கு அறுவடையே" என்கிறார் முத்தையாபுரம் பக்கம் சிறிய அளம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்திவரும் பெரியவர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு உப்பு சுமக்க வந்தவர். பிறகு வாருபலகை பிடித்தார், கங்காணிக்குக் கையாளாக இருந்தார், கணக்கப்பிள்ளை ஆனார். இப்போது சொந்தப் பொறுப்பில் நாலு காசு பார்க்கிறார், சில வருஷம் இழக்கிறார். வானிலை பற்றி அவருக்கு உறுதியான கருத்து உண்டு. தமிழ்நாட்டில் இருப்பது வெயில், கடும் வெயில், கொடும் வெயில் என்ற மூன்று பருவம்தான் என்று யாராவது அவர் முன்னால் பழைய நகைச்சுவையை எடுத்துவிட்டால் அவர் சிரிப்பதில்லை.

"வெயில மட்டும் பாத்தா அப்படித்தான் தெரியும். காத்தப் பாக்கணும்லா?"

அந்த நகைச்சுவைக்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. டெல்லியில் ஜனவரிப் பகலுக்கும் மே மாதப் பகலுக்கும் வெப்பநிலையில் இருபது டிகிரி வித்தியாசம் வரும். தூத்துக்குடியில் அது ஏறக்குறைய ஏழெட்டு டிகிரிதான். ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பது பாகைக்குள் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடைவெளி ஒரு மணி நேரம்தான். லண்டனில் அது எட்டு மணி நேரத்தைத் தாண்டுகிறது. சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வருவது ஆண்டுக்கு இரண்டு தடவை, சித்திரை பிறக்கும் சமயத்தில் ஒன்று, ஆகஸ்ட் கடைசியில் இன்னொன்று. இலை உதிர்ந்து பனி பெய்து பூப் பூக்கும் ஐரோப்பியப் பாடப்புத்தகக் கணக்கை இந்த ஊரில் கொண்டுவந்து வைத்தால் நான்கில் மூன்று காலம் காணாமல் போய்விடும்.

வீட்டுக் கணக்கிலும் சிக்கல் உண்டு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுது நம்மிடம் இருக்கிறது. ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். அந்த ஆவணியில் தூத்துக்குடியில் உப்பு வாரி மாளாது. மழை பிடிப்பது ஐப்பசிக்கு மேல்தான். தொல்காப்பியம் முல்லைக்குக் காரையும் குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் ஒதுக்கியது. மருதத்துக்கும் நெய்தலுக்கும் தனியாகப் பெரும்பொழுது எதையும் சொல்லவில்லை. ஆறு பொழுதும் அவற்றுக்கு உரியவை என்று பின்னால் வந்த இலக்கணங்கள் வைத்துக்கொண்டன. நெய்தல் நிலத்தில் உப்பு விளைவிக்கிறவருக்கு இது ஒப்பாது. அவருடைய தொழிலில் ஒரு வாரம் முன்னே பின்னே போனாலே பணம் போகும்.

இந்திய வானிலைத் துறை ஆண்டை நாலாகப் பிரித்திருக்கிறது. ஜனவரி, பிப்ரவரி குளிர்காலம். மார்ச் முதல் மே வரை கோடை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பெரியவரிடம் இதைச் சொன்னால் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, கோடு போட்டிருக்கும் இடமெல்லாம் சரி என்று ஒப்புக்கொள்கிறார். அளத்து வேலையும் அந்த நாலு கோட்டில்தான் மாறுகிறது. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் என்ன நடக்கிறது என்பதில்தான் அவருக்குத் தகராறு.

அதைப் புரிந்துகொள்ள அளத்துக்குள் இறங்க வேண்டும்.

உப்பு விளைவதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. தண்ணீரைச் சுண்டவைப்பதுதான் வேலை. கடல்நீரை, அல்லது போர் போட்டு எடுக்கும் உவர்நீரைத் தெப்பத்தில் பாய்ச்சி நிறுத்துகிறார்கள். ஒரு தெப்பத்திலிருந்து அடுத்ததற்கு மாற்றி மாற்றி வெயிலிலும் காற்றிலும் காயவிடுகிறார்கள். தண்ணீரின் கனத்தைப் பார்க்க ஹைட்ரோமீட்டர் என்ற கண்ணாடிக் குழாய் உண்டு. அளத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. டிகிரி பார்ப்பது என்றால் போதும். பெரியவர் குனிந்து ஒரு நீளக் குவளையில் தண்ணீரை மொண்டு, குழாயை அதற்குள் விடுகிறார். அது இரண்டு தடவை எம்பிக் குதித்து நிற்கிறது. கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுபோய்க் கோட்டைப் பார்க்கிறார். புதிதாக வருகிறவர்கள் மேலிருந்து பார்த்து ஒரு டிகிரி தப்பாகச் சொல்வார்கள்.

பாமே அளவையில் கடல்நீர் மூன்று டிகிரி, மூன்றரை டிகிரி இருக்கும். டிகிரி ஏற ஏற முதலில் சுண்ணாம்புச் சத்து பிரியும், அப்புறம் ஜிப்சம் படியும். இருபத்தைந்தை எட்டும்போது பத்துக் குடம் கடல்நீர் ஒரு குடத்துப் பக்கமாகக் குறைந்திருக்கும். அப்போதுதான் அதைப் பாத்திக்குத் திறந்துவிடுவார்கள். தண்ணீர் சில சமயம் இளஞ்சிவப்பாக இருக்கும். அத்தனை உவர்ப்பிலும் வாழும் நுண்ணுயிர்களும் பாசியும் தரும் நிறம் அது. கொஞ்ச நேரத்தில் மேற்பரப்பில் பால் ஏடு மாதிரி மெல்லிய படலம் கட்டும். கிட்டப் போய்ப் பார்த்தால் அந்தப் படலம் முழுவதும் சின்னச் சின்னச் சதுரங்கள். ஒவ்வொன்றும் நடுவில் குழிந்து, ஓரம் உயர்ந்து, ஒரு குட்டித் தொட்டி போல மிதக்கும். கனம் கூடியதும் அடியில் இறங்கிவிடும். உப்பு விழுகிறது என்பார்கள்.

இருபத்தொன்பது, முப்பது டிகிரியைத் தாண்டவிடக் கூடாது. அதற்கு மேல் மக்னீசிய உப்புகள் சேர்ந்து சரக்கு கசக்கும், சாக்கில் போட்டால் நீர் விட்டுக்கொண்டே இருக்கும். மிஞ்சும் அந்தத் தண்ணீருக்கு நஞ்சோடை என்று பெயர். நேரம் பார்த்து அதை வெளியே திறந்துவிடத் தெரிந்தவர்தான் நல்ல கணக்கப்பிள்ளை.

இந்த வேலையில் சூரியன் பாதி ஆள்தான். மீதிப் பாதி காற்றின் ஈரம். காற்றில் ஈரப்பதம் எழுபத்தைந்து சதவீதத்தைத் தாண்டினால் பூரிதமான உப்புத் தண்ணீரிலிருந்து ஆவி கிளம்பாது. தலைகீழாக, காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளத் தொடங்கும். காய்ந்து கிடக்கும் உப்புக்கும் அதே எல்லைதான். ஐப்பசியில் சமையலறை உப்பு ஜாடி ஏன் கசிகிறது என்பதற்கும், முப்பத்தைந்து டிகிரி வெயில் அடித்தும் புழுக்கமான நாளில் பாத்தி ஏன் தூங்குகிறது என்பதற்கும் காரணம் ஒன்றே. வெப்பமானியில் மே மாதமும் செப்டம்பர் மாதமும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியலாம். பாத்தி இரண்டையும் வேறு வேறாகத்தான் காட்டும்.

இனி அவருடைய நாலு கட்டம்.

தை பிறந்ததும் முதல் வேலை மழைத் தண்ணீரை வெளியேற்றுவது. மூன்று மாத மழையில் பாத்தியும் தெப்பமும் ஒரே குளமாகக் கிடக்கும். வரப்பு கரைந்திருக்கும், அடியில் சகதி படிந்திருக்கும். சகதியை வழித்து எறிந்து, வரப்பைப் பூசி, பாத்தியின் தரையைக் காலால் மிதித்து இறுக்க வேண்டும். வரிசையாக நின்று, குதிகாலை ஊன்றி, ஒரு அடி தள்ளி மறுபடி ஊன்றி, நாள் கணக்கில் மிதிக்கிறார்கள். தரை இறுகாவிட்டால் சுண்டிய தண்ணீர் பூமிக்குள் போய்விடும். உப்பை வாரும்போது மண்ணும் சேர்ந்து வந்து வெள்ளை கெடும். இந்த இரண்டு மாதமும் பகல் வெயில் இதமாக இருக்கும். விடியற்காலையில் பனி. போரில் வரும் உவர்நீர்கூட மழைநீர் கலந்து டிகிரி இறங்கி இருக்கும். ஒரு மணி உப்பு கிடையாது, ஆனால் கூலி கொடுத்தாக வேண்டும். அளக்காரருக்கு இது கடன் வாங்கும் பருவம்.

மாசி கடைசியில், பங்குனியில் முதல் உப்பு விழுகிறது. அதிலிருந்து வைகாசி வரை வெயில் ஏறிக்கொண்டே போகும். வேலை நேரம் மாறும். மூன்று மணி, நான்கு மணி இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆட்கள் இறங்கிவிடுவார்கள். ஆண்கள் வாருபலகையால் உப்பை இழுத்து வரப்பில் கூட்டுவார்கள். பெண்கள் அதைச் சுமந்து தட்டுமேட்டில் கொட்டுவார்கள். பகல் ஏறிவிட்டால் வெயில் மேலிருந்தும் அடிக்கும், வெள்ளைப் பரப்பில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கும். கண் கூசிக் கூசிப் பார்வை மங்கியவர்கள் அளத்தில் நிறையப் பேர். உப்புத் தண்ணீரில் ஊறிய காலில் சின்ன வெடிப்பு வந்தாலும் லேசில் ஆறாது.

ஆனாலும் கோடை உப்புக்கு உகந்த உச்சகாலம் என்று அவர் ஏற்பதில்லை. மத்தியானத்துக்கு மேல் கிழக்கே மன்னார் வளைகுடாவிலிருந்து கடற்காற்று ஏறும். கொண்டல். ஊர்க்காரர்களுக்கு அது சுகம், பாத்திக்கு அது ஈரம். போதாக்குறைக்குச் சித்திரையிலும் வைகாசியிலும் இடி மழை ஒன்றிரண்டு வந்து போகும். ஒரு ஏக்கரில் ஒரே ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் நாற்பதாயிரம் லிட்டர் நல்ல தண்ணீர் விழுந்ததாகக் கணக்கு. ஊருக்குள் அதைப் பூந்தூறல் என்பார்கள். பாத்தியில் விழுந்து கிடந்த உப்பு கரைந்து, இருபத்தைந்து டிகிரியில் நின்ற தண்ணீர் பழையபடி இறங்கிவிடும். கோடை மழை பெய்த மறுநாள் சந்தையில் எல்லோர் முகத்திலும் குளிர்ச்சி இருக்கும், அளக்காரர் முகத்தைத் தவிர.

அப்புறம் கச்சான் என்கிற மேல்காற்று.

அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது கேரளத்துப் பக்கமே மழையைக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அது காய்ந்து, சூடேறி, ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்களில் புகுந்து வேகம் பிடித்து வருகிறது. முப்பந்தலில் காற்றாலைகள் சுழல்வதும் இந்த மாதங்களில்தான். தமிழ்நாட்டின் முதல் காற்றாலைகள் 1986-இல் நடப்பட்ட இடம் தூத்துக்குடி அருகே முள்ளக்காடு. அங்கே சுற்றிலும் உப்பளம். மின்சாரம் எடுக்க வந்தவர்களும் உப்பு எடுக்க வந்தவர்களும் ஒரே காற்றை நம்பி ஒரே இடத்தில் நின்றார்கள்.

கச்சான் பிடித்துவிட்டால் பாத்தியின் நடை மாறிவிடும். கடற்காற்றை அது உள்ளே வரவிடாது. வந்தாலும் சாயங்காலம் தாமதமாக எட்டிப்பார்த்துவிட்டுப் போகும். ராத்திரியிலும் ஆவி போய்க்கொண்டிருக்கும். காலையில் பார்த்த டிகிரியை மத்தியானம் மறுபடி பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நஞ்சோடையைத் திறக்கும் நேரம் தப்பிவிடும். வேகமாகச் சுண்டுவதால் மணி சிறிதாக விழும். சித்திரையில் ஆற அமர விளைந்தது கொஞ்சம் பெருமணியாக இருக்கும். கையில் ஒரு பிடி உப்பை அள்ளிப் பார்த்து அது எந்தக் காற்றில் விளைந்தது என்று பெரியவர் சொல்லிவிடுகிறார். புழுதிதான் தொல்லை. செம்மண் தூசி பறந்து வந்து வெள்ளை உப்பில் படியும். சில நாளுக்கு ஒரு தடவை வாரி எடுக்காவிட்டால் விலை குறையும். ஆடி மாதத்தில் ஆள் கிடைப்பது அரிது. கோயில் கொடைக்குப் போனவர்கள் திரும்பி வரும்வரை உப்பு பாத்தியில் கிடக்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வானிலைத் துறைக் கணக்கில் இது மழைக்காலம். இந்தியாவின் ஆண்டு மழையில் முக்கால் பங்கைக் கொண்டுவரும் காலமும் இதுதான். தூத்துக்குடிக்கு மட்டும் ஆண்டிலேயே மிக வறண்ட காலம்.

புரட்டாசி பாதியில் காற்று சட்டென்று விழும். அதை யாரும் அறிவிக்கத் தேவையில்லை. கிழக்கே மேகம் கட்டும், உடம்பு பிசுபிசுக்கும், அம்பாரத்தின் மேல்தோல் நனையும். தட்டுமேட்டில் குவித்திருக்கும் உப்பை மூடும் வேலை தொடங்கும். முன்பெல்லாம் பனையோலையும் தென்னங்கீற்றும் வேய்ந்தார்கள், இப்போது தார்ப்பாய் போட்டு ஓரத்தில் மண் அணைக்கிறார்கள். அக்டோபர் 20-ஐ ஒட்டி வடகிழக்குப் பருவமழை இறங்கினால் மார்கழி வரை அளத்தில் வேலை கிடையாது. ஆனால் வியாபாரம் அப்போதுதான் சூடு பிடிக்கும். விளைச்சல் நின்றுபோன மாதங்களில் அம்பாரத்துக்கு விலை ஏறும். லாரிகள் தார்ப்பாயைப் பிரித்துக்கொண்டு சரக்கு ஏற்றும். குவித்து வைக்க வசதி இல்லாத சின்ன அளக்காரர் செப்டம்பரிலேயே கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கூலிக்காரர்கள் பாடு இன்னும் மோசம். நூறு நாள் வேலை, கட்டட வேலை, மீன் கருவாடு என்று சிதறிப் போவார்கள். ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடிக்கு வந்து தங்கிப் பார்த்து 'கரிப்பு மணிகள்' நாவலை எழுதியபோது இருந்த இந்த மூன்று மாத வறுமை அப்புறமும் பல காலம் யார் கணக்கிலும் வரவில்லை. 2022-இல்தான் தமிழக அரசு வேலையில்லாத அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கத் தொடங்கியது. மூன்று மாதத்துக்கு அந்தத் தொகை காணுமா என்பது தனிக் கேள்வி. இந்த ஊரில் வெயில் மட்டும்தான் உண்டு என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு பருவமும் உண்டு என்று காட்ட அந்த உத்தரவே போதும்.

பருவம் தப்பாமல் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதைச் சரித்திரத்திலும் பார்க்கலாம். காந்தி தண்டியில் உப்பை அள்ளியது 1930 ஏப்ரல் 6. ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துபோய் வேதாரண்யத்தில் உப்புச் சட்டத்தை மீறியது அதே மாதம் 30. இரண்டுமே உப்பு விளையும் மாதத்தில் நடந்தன. வேதாரண்யத்துக்கு நவம்பரில் போயிருந்தால் தொண்டர்கள் கையில் வெறும் சேறுதான் கிடைத்திருக்கும் என்று பெரியவர் சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்கிறார்.

இதே நாட்டில், இதே தொழிலில், நேர் எதிரான நாள்காட்டி வைத்திருப்பவர்கள் உண்டு. குஜராத்தின் சின்ன ரண் பகுதியில் உப்பெடுக்கும் அகரியாக்கள் தென்மேற்குப் பருவமழை வடிந்தபிறகு, அக்டோபரை ஒட்டிப் பாலைக்குள் குடும்பத்தோடு போகிறார்கள். கிணறு தோண்டி, பாத்தி கட்டி, குளிர்காலம் முழுவதும் அங்கேயே தங்கி, கோடையில் உப்பை எடுத்து முடித்து, ஜூன் மழைக்கு முன்னால் வெளியேறிவிடுகிறார்கள். தூத்துக்குடியில் வாருபலகை ஓயாத மாதங்களில் ரண் தண்ணீருக்கு அடியில் கிடக்கும். இரண்டும் வெப்பப் பகுதிதான், இரண்டிலும் வெயில் தீயாய்த்தான் அடிக்கிறது. ஆனாலும் ஒரே ஜூலை ஒருவருக்கு அறுவடை, இன்னொருவருக்கு விடுமுறை.

பெரியவரின் அக்கா மகன் அதே குஜராத்தில் காந்திதாம் பக்கத்தில் ஒரு உப்பு ஆலையில் மேற்பார்வை வேலை பார்க்கிறான். போனில் இருவரும் பேசிக்கொள்வது முக்கால்வாசி வானிலைதான்.

"என்ன மாமா, காத்து பிடிச்சிட்டா?"

"பிடிச்சிட்டு மாப்ளே. அங்க மூடியாச்சா?"

"மூடியாச்சு. இனி தீவாளி சமயந்தான்."

இருவருக்கும் இப்போது பேச்சில் புதிதாக ஒரு விஷயம் சேர்ந்திருக்கிறது: கோடுகள் நகர்வது. 2021 ஜனவரியில் பொங்கல் நாள்களிலும் மழை விடவில்லை. வடகிழக்குப் பருவமழை விலகியதாக வானிலைத் துறை அறிவித்தபோது தேதி 19. நெல்லுக்குச் சேதம் என்று செய்தி வந்தது. பாத்தி மிதிக்க வேண்டிய ஆட்கள் வீட்டில் உட்கார்ந்திருந்ததைச் செய்தியாக்க யாருக்கும் தோன்றவில்லை.

2023 டிசம்பர் வேறு கதை. அந்த மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் கொட்டியதை மழை என்று சொல்லவே அவர் தயங்குகிறார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. மாவட்டம் ஓராண்டில் சராசரியாகப் பெறுவதே 65 சென்டிமீட்டரை ஒட்டித்தான். தாமிரபரணி கரை மீறியது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஒன்று பயணிகளோடு நின்றுபோனது. அந்தச் செய்திகளெல்லாம் நாடு முழுக்கத் தெரியும். அளத்தில் நடந்ததைப் பெரியவர் இப்படி விவரிக்கிறார்: தார்ப்பாய் மேலே பத்திரமாக இருந்தது. வெள்ளம் அடியில் புகுந்து அம்பாரத்தை உள்ளுக்குள்ளேயே கரைத்துக்கொண்டு போயிற்று. தண்ணீர் வடிந்தபின் போய்ப் பார்த்தபோது குவியல் நின்ற உயரத்துக்குத் தார்ப்பாய் இல்லை, தரையோடு படிந்து கிடந்தது. தூக்கிப் பார்த்தால் கீழே வண்டல். பாத்திகளிலும் ஆற்று மண் படிந்து, எது வரப்பு, எது வாய்க்கால் என்று அடையாளம் தெரியவில்லை. அந்த ஆண்டு மிதிப்பதற்கு முன்னால் மண்ணை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. முதல் உப்பு விழத் தாமதமானது, ஆனால் குத்தகைப் பணம் தாமதத்தை ஏற்கவில்லை.

உப்பு பயிர் இல்லை என்பதால் பயிர்க் காப்பீட்டில் அதற்கு இடம் கிடையாது. கடன் வாங்கப் போனாலும் இதே தொல்லை. ஒரு வங்கியில் அவருடைய தவணையை மார்ச் மாதக் கடைசிக்கு வைத்திருந்தார்கள், நிதியாண்டு முடிகிறதாம். மார்ச்சில் அளக்காரர் கையில் என்ன இருக்கும்? மிதித்து முடித்த பாத்தியும் கொடுத்து முடித்த கூலியும்தான். தவணையை ஆகஸ்டுக்கு மாற்றித் தரும்படி கேட்டார். ஆகஸ்டு மழைக்காலம் ஆயிற்றே, அப்போது எப்படி உப்பு விற்கும் என்று வடக்கேயிருந்து மாற்றலாகி வந்திருந்த அதிகாரி நியாயமாகவே கேட்டிருக்கிறார். பெரியவர் அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய்க் கச்சான் வீசும் வரப்பில் நிறுத்தினார். காகிதங்கள் பறக்காமல் இருக்க அதிகாரி பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றாராம். தவணை மாறியது.

இப்போது பெரியவர் சில பழக்கங்களை மாற்றிக்கொண்டுவிட்டார். தார்ப்பாயைப் புரட்டாசியில் வாங்குவதில்லை, ஆகஸ்டிலேயே வாங்கி வைக்கிறார். தட்டுமேட்டை வழக்கத்தைவிட உயர்த்தி, வெள்ளம் வரும் திசையில் மண்ணை மெத்தியிருக்கிறார். அம்பாரம் முழுவதையும் மழைக்கால விலைக்காகக் காத்துவைக்காமல் பாதியைக் கச்சான் முடிவதற்குள் விற்றுவிடுகிறார். வானிலை அறிவிப்பைக் கைப்பேசியில் தினமும் பார்க்கிறார், ஆனால் வெப்பநிலை எழுதியிருக்கும் வரியைத் தள்ளிவிட்டு ஈரப்பதத்துக்கும் காற்றின் திசைக்கும் போய்விடுகிறார். அந்த இரண்டு எண்ணும் இருந்தால் அன்றைக்கு நஞ்சோடையை எப்போது திறப்பது என்று அவரால் வீட்டிலிருந்தபடியே ஓரளவு சொல்ல முடிகிறது. அப்படியும் போய்க் குனிந்து டிகிரி பார்க்காமல் திறப்பதில்லை.

போன வருஷக் கடைசியில் அக்கா மகன் ஒரு யோசனை சொன்னான். இங்கே அளம் மூடும் அக்டோபரில் அங்கே பாத்தி கட்டும் வேலை தொடங்குகிறது, ஆளுக்குத் தட்டுப்பாடு. மூன்று மாதம் நம் ஆட்கள் வந்தால் என்ன? தங்க இடமும் போக வரச் செலவும் ஆலை பார்த்துக்கொள்ளும், பொங்கலுக்குத் திரும்பிவிடலாம். திருநெல்வேலியிலிருந்து காந்திதாமுக்கு ஹம்சஃபர் ரயில் இருக்கிறது. பெரியவர் அளத்தில் நாலு பேரைக் கூப்பிட்டுக் கேட்டார். இளவட்டங்கள் இருவர் உடனே சரி என்றார்கள். ஒருவர் ரண்ணில் குளிர் எப்படி இருக்கும், கம்பளி கொடுப்பார்களா என்று விசாரித்தார். உப்பு சுமக்கும் அம்மா ஒருவர், பிள்ளைகள் பள்ளிக்கூடம் இருக்கிறது, கிறிஸ்துமஸ் வேறு வருகிறது, தான் வர முடியாது என்றும் கூலி என்ன என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றும் சொன்னார். கூலித் தொகையை எழுத்தில் கேட்டுப் பெரியவர் அக்கா மகனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்.